38-ஆம் எண் வரவில்லை: ஏற்காட்டில் ஒரு சின்ன மலைப்பாதை ஓட்டம் நடத்திய அனுபவம்

பிப்ரவரி முதல் ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் ஒரு சின்ன மலைப்பாதை ஓட்டம் நடத்தினேன். 18 கிலோமீட்டர், 57 எண் அட்டைகள், அதில் ஒன்று என்னுடையது. ஆமாம், நடத்தியதும் நான்தான், ஓடியதும் நான்தான். ஐந்து மாதம் சனி ஞாயிறெல்லாம் அதற்கே போனது, கையை விட்டு 29,500 ரூபாய் போனது, அதெல்லாம் சரி, போகட்டும். அன்று காலை 10:50 முதல் 12:50 வரை ஒரு மனிதர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் அவர் மனைவிக்கு முன்னால் நின்ற அந்த இரண்டு மணி நேரம்தான் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. யாராவது முன்பே நாலு விஷயம் சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது. சேலம், ஈரோடு பக்கம் இப்போது ஓடுகிறவர்கள் நிறைய பேர், "நம்மளே ஒண்ணு நடத்தலாமே" என்று பேசிக்கொள்கிறவர்களும் நிறைய. அவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு இந்த ஆசை வந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. வெளியூர் மலை ஓட்டம் ஒன்றுக்குப் போய் வந்தால் கட்டணம், பஸ், லாட்ஜ் என்று ஐயாயிரத்துக்குக் குறைவதில்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் சேர்வராயன் மலை தெரிகிறது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் காப்பித் தோட்டமும் சில்வர் ஓக் நிழலும் மண் பாதையும்தான். அங்கே 700 ரூபாய்க்கு, உள்ளூர்ச் சாப்பாட்டோடு, ஒரு ஓட்டம் ஏன் நடத்தக் கூடாது என்று தோன்றியது. தோன்றியது செப்டம்பரில். கூட யாரையும் சேர்த்துக்கொள்ளவில்லை, அதுதான் முதல் தப்பு. கூட்டாளிகள் இருந்தால் ஒவ்வொரு முடிவுக்கும் பேசித் தீர்க்க வேண்டுமே என்று தனியாகவே செய்யலாம் என நினைத்தேன். அன்றைக்கு ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் ஒரு ஆள் தேவைப்படும் என்பதை யோசிக்கவே இல்லை.

மலையில் பாதை இருக்கிறது என்பதற்காக அதில் ஐம்பது பேரை ஓடவிடலாம் என்று அர்த்தமில்லை. ஏற்காட்டில் மேலே தோட்டங்கள், பட்டா நிலங்கள், ஊர்கள் எல்லாம் இருக்கின்றன, சரிவுகளில் காப்புக்காடு. போன் வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. நான் முதலில் போட்ட பாதையில் 3 கிலோமீட்டர் காப்புக்காட்டுக்குள் போயிருக்கிறது, எனக்கே தெரியாது. வனச்சரக அலுவலகத்தில் காட்டிய பிறகுதான் தெரிந்தது. அங்கிருந்தவர் கோபப்படவில்லை, "குரங்கணிக்கு அப்புறம் இதெல்லாம் லேசுல விட முடியாதும்மா" என்று மட்டும் சொன்னார். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள், நினைவிருக்கும். 2024 அக்டோபரில் அரசு 40 மலையேற்றப் பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு திறந்தது, ஆனால் அது வழிகாட்டியோடு நடந்து போகிறவர்களுக்கான ஏற்பாடு. பந்தயம் என்றால் மாவட்ட வன அலுவலருக்குத் தனியாக எழுதிக் காத்திருக்க வேண்டும். எனக்கு அந்த அவகாசம் இல்லாததால் அந்த 3 கிலோமீட்டரை எடுத்துவிட்டுத் தோட்டப் பாதைகளையும் ஊராட்சிச் சாலையையும் மட்டும் வைத்துக்கொண்டேன். அப்படியும் பாதை வரைபடத்தோடு வனச்சரகத்துக்கு ஒரு கடிதம், காவல் நிலையத்துக்கு ஒன்று, ஊராட்சிக்கு ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒன்று கொடுத்து, ஒவ்வொன்றின் நகலிலும் முத்திரை வாங்கினேன். இந்த ஒரு வேலையை மட்டும் சரியாகச் செய்தேன் என்று தைரியமாகச் சொல்வேன். கடிதம் கொடுக்கப் போன இடத்தில் அந்தப் பகுதி வனக்காவலரின் போன் எண்ணையும் வாங்கி வைத்திருந்தேன், அது பின்னால் எவ்வளவு உதவியது என்று சொல்கிறேன்.

தோட்டக்காரர்கள் நான்கு பேர். நான்கு பேரும் நல்ல மனிதர்கள், "தாராளமா ஓடுங்க" என்றார்கள், எல்லாம் வாய் வார்த்தை. பந்தயத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஒரு தோட்டத்தில் புது மேனேஜர் வந்து கேட்டைப் பூட்டிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அவரிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்குப் பாதையே மாறிப்போனது, இரண்டு இரவு தூக்கம் போனது. அதனால் யாரிடம் அனுமதி வாங்கினாலும் ஒரு வரியாவது எழுதி, தேதியும் நேரமும் போட்டு, அந்தக் கேட்டின் சாவி அன்று காலையில் யார் கையில் இருக்கும் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள். அன்றைக்கு மருந்து அடிக்கிற வேலை இருக்கிறதா, காப்பிப் பழமோ மிளகோ பறிக்க ஆட்கள் வருகிறார்களா என்றும் கேளுங்கள். மருந்து அடித்த தோட்டத்துக்குள் மூச்சு வாங்க ஓடுவதைப் போன்ற விஷப்பரீட்சை வேறில்லை.

இன்னொன்று, செப்டம்பரில் நடந்து பார்த்த பாதையை நம்பாதீர்கள். ஐப்பசி கார்த்திகை மழைக்கு அப்புறம் ஜனவரியில் போய்ப் பார்த்தால் ஒரு இடத்தில் பாதியே அறுத்துக்கொண்டு போயிருந்தது, இன்னொரு இடத்தில் உண்ணிச்செடி இடுப்பு உயரம். வெட்டிச் சரிசெய்ய இரண்டு ஆள் கூலி. தூரம் அளப்பதும் இப்படித்தான், மர நிழலில் ஜிபிஎஸ் தடுமாறுகிறது, ஒரே பாதையை என் கைக்கடிகாரம் 18.2 என்றது, தோழியின் போன் 17.1 என்றது. மூன்று முறை நடந்து "சுமார் 18" என்று அறிவித்தேன். மலையில் யாரும் அதற்காகச் சண்டைக்கு வரமாட்டார்கள்.

பணக் கணக்கை மறைக்காமல் சொல்கிறேன். 61 பேர் தலா 700 கட்டினார்கள் (அன்று எல்லோரும் வரவில்லை), 42,700 ரூபாய் வரவு. செலவு: டி-ஷர்ட் 75க்குக் குறைந்து அடிக்க மாட்டேன் என்றார்கள், தலா 190, அது 14,250. மெடல் 8,250. எண் அட்டை 1,350. ஆம்புலன்ஸ் 7,000. காலை உணவு 7,200. வாழைப்பழம், கடலை மிட்டாய், உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம், தண்ணீர் கேன் எல்லாம் 4,600. மைதான வாடகையும் மைக்கும் 5,500. வாக்கி டாக்கி வாடகை 3,200. வழியில் நிற்க உள்ளூர் ஆட்கள் பத்துப் பேருக்குக் கூலி 6,000. ரிப்பன், பலகை 2,900. பணம் வாங்கித் தந்த ஆன்லைன் தளத்தின் பிடித்தம் 1,000 சொச்சம். பாதை பார்க்கவும் கடிதம் கொடுக்கவும் போய் வந்த பெட்ரோலும் தங்கலும் வெட்டுக் கூலியும் 11,000. இந்தக் கடைசித் தொகையை நான் திட்டத்தில் எழுதவே இல்லை. டி-ஷர்ட்டை விட்டிருந்தால் பாதி நஷ்டம் குறைந்திருக்கும். அளவு கேட்காமல் அடித்ததில் பெண்கள் யாருக்கும் சரியாக இல்லை, 19 சட்டை இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது. கட்டணத்தை 700 என்று முதலில் அறிவித்துவிட்டு அப்புறம் செலவைக் கூட்டிப் பார்த்தேன், அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஐம்பது அறுபது பேருக்கு நடத்தினால் செலவு ஒரு ஆளுக்கு ஆயிரத்தைத் தாண்டும், அதைச் சொல்ல வெட்கப்படக் கூடாது. பெண்களுக்குக் கழிப்பறை எங்கே என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். புறப்படும் இடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, எட்டுப் பெண்கள் வரிசையில் நின்றதால் புறப்பாடே பத்து நிமிடம் தள்ளிப்போனது.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். முந்தின நாள் மதியம் நானும் இரண்டு பையன்களும் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டே போனோம். பிப்ரவரித் தொடக்கத்தில் இங்கே சூரியன் வருவதே 6:40 வாக்கில்தான், அதனால் புறப்பாடு 6:30. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு எழுந்தபோது நல்ல குளிர், இலைகளிலிருந்து பனி சொட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் கையைத் தேய்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, இத்தனை பேர் நான் கூப்பிட்டு வந்திருக்கிறார்களே என்று. விசில் ஊதிவிட்டு நானும் கூட்டத்தோடு ஓட ஆரம்பித்தேன்.

ஓடினதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் ஐந்து கிலோமீட்டர் ஏற்றம், மூச்சு முட்டியது, எட்டாவதில் மிளகுக்கொடி சுற்றிய மரங்களுக்கு நடுவே இறக்கம் வந்ததும் கால் தானாக ஓடியது. ஐந்து மாத அலைச்சலும் மறந்துபோனது. 2 மணி 52 நிமிடத்தில் முடித்தேன். அந்த 2 மணி 52 நிமிடமும் என் போனுக்குச் சிக்னல் இல்லை, வாக்கி டாக்கியை மைதானத்தில் இருந்த தோழியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அந்த நேரத்தில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். ஒரு பெண்ணுக்கு 11-வது கிலோமீட்டரில் கணுக்கால் பிசகியது, இருந்த ஒரே ஆம்புலன்ஸில் அவரை ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம் மலையில் எங்களுக்கு ஆம்புலன்ஸே இல்லை, முப்பது பேருக்கு மேல் இன்னும் பாதையில். கணுக்காலுக்கு ஒரு கார் போதும், ஆம்புலன்ஸை உயிர்ப் பிரச்சினைக்கு வைத்திருக்க வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டியவள் நான், நான் மிளகுக்கொடிக்கு நடுவே சந்தோஷமாக ஓடிக்கொண்டிருந்தேன். இரண்டாவது தண்ணீர் மேசையில் ஒரு லிட்டருக்குக் கரைக்க வேண்டிய உப்பு சர்க்கரைப் பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள், குடித்தவர்களில் இரண்டு பேருக்கு வாந்தி. அதில் 200 மில்லிக்கு ஒரு பொட்டலம், ஒரு லிட்டருக்கு ஒரு பொட்டலம் என்று இரண்டு வகை இருக்கிறது, எது வாங்கினாலும் நீங்களே ஒரு கேனில் கரைத்துக் காட்டிவிட்டு வாருங்கள்.

10:30க்கு நேரம் முடிந்தது. கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் வர ஒரு கல்லூரிப் பையனை வைத்திருந்தேன், அவன் 10:50க்கு வந்து "அக்கா, எனக்குப் பின்னாடி யாருமே இல்ல" என்றான். தோழியின் கையில் இருந்த தாள் பனியில் நனைந்து மை பரவியிருந்தது, ஆம்புலன்ஸில் போன பெண்ணையும் சேர்த்து எண்ணினால் 54 டிக். கொடுத்த அட்டை 57. மறுபடி எண்ணினோம், மறுபடியும் 54. அந்த நேரத்தில்தான் ஒரு அம்மா தட்டில் ஆறிப்போன இட்லியோடு என்னிடம் வந்து, "ஏனுங்க, எங்கூட்டுக்காரர் இன்னும் வரலைங்களே, 38-ஆம் நம்பருங்க" என்று கேட்டார். எனக்கு வயிற்றில் என்னவோ புரண்டது.

மூன்று பேரில் ஒருவர் ஓடவே வரவில்லை. சனி மாலையே அட்டையை வாங்கிக்கொண்டு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று ராத்திரியே கிளம்பிப் போயிருக்கிறார், போன் போட்ட பிறகுதான் தெரிந்தது. இன்னொருவர் 10-வது கிலோமீட்டரில் முடியாமல் நின்று, தோட்டத்து ஜீப்பில் ஏறி லாட்ஜுக்குப் போய்த் தூங்கிவிட்டார். அவரை எழுப்பவே 11:40 ஆனது. அட்டை வாங்கினவர் எண்ணிக்கையும் கோட்டில் நின்றவர் எண்ணிக்கையும் வேறு வேறு என்று எனக்குத் தெரியாமல் போனதால், நிஜமாகவே தொலைந்தவர் ஒருவரா மூவரா என்று கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம் போய்விட்டது. இதை மட்டும் யாரும் விட்டுவிடாதீர்கள். புறப்படும் இடத்தில் ஒரு கயிறு கட்டி, ஒரு ஆள் போகிற அளவு வழி விட்டு, ஒவ்வொரு எண்ணாகக் குறித்துக்கொண்டு உள்ளே விடுங்கள். ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் ஒரு ஆளுக்கு அந்த வேலை மட்டும்தான் இருக்க வேண்டும், கடந்து போகிற எண்ணையும் நேரத்தையும் பென்சிலில் எழுதுவது. பென்சில் என்றால் பென்சில்தான், பேனா பனியில் நிற்காது. எங்கள் முதல் மேசையில் 38 வந்தாரா என்று கேட்டால் நான்கு பேர் நான்கு பதில் சொன்னார்கள். அவர் 5-வது கிலோமீட்டருக்கும் 10-வதுக்கும் நடுவே எங்கே விலகினார் என்று தெரிந்திருந்தால் தேட வேண்டிய இடம் ஒரே ஒரு சரிவுதான். பாதியில் நிற்கிறவர் அட்டையை மேசையில் கொடுக்காமல் போகக் கூடாது என்பதையும் புறப்படும் முன் மைக்கில் மூன்று தடவை சொல்லுங்கள்.

வனக்காவலருக்குப் போன் போட்டேன். அவர் பைக்கில் பதினைந்து நிமிடத்தில் வந்து, வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "ஆறாவது கிலோமீட்டர் பம்ப் ஷெட் கிட்ட ரெண்டு பாதை பிரியும், அங்கிருந்து ஆரம்பிப்போம்" என்றார். போனோம். அங்கே ஒரு ரிப்பன்கூட இல்லை. முந்தின நாள் என் கையால் கட்டியது, வலப்பக்கம் திரும்பும் இடத்தில் நெருக்கமாகக் கட்டியது. தோட்டத்துக் காவலர் பெரியவர் வந்து, "சனிக்கிழமை சாயங்காலம் பார்த்தேன் மேடம், யாரோ மரம் வெட்டக் குறி போட்டிருக்காங்கன்னு நினைச்சு அவுத்துட்டேன்" என்றார். பம்ப் ஷெட் ஜன்னலில் கைவிட்டு எடுத்துக் கொடுத்தார். 31 ரிப்பன்கள், ஒவ்வொன்றையும் நான்காக மடித்து, வாழைநார் சுற்றிக் கட்டி, முதலாளி வந்தால் காட்டுவதற்கு என்று பத்திரமாக வைத்திருந்தார். அவரை என்ன சொல்ல முடியும், அவர் வேலையை அவர் சரியாகச் செய்திருக்கிறார். நான்தான் முதலாளியிடம் அனுமதி வாங்கினேனே தவிர காவலரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிகாலையில் ஒரு ஆளை முன்னால் ஓடவிட்டு எல்லா ரிப்பனும் இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும், அதையும் செய்யவில்லை. முன்னால் ஓடினவர்கள் போன் வரைபடம் வைத்திருந்தார்கள், நடுவில் வந்தவர்கள் அவர்கள் முதுகைப் பார்த்து ஓடினார்கள். தனியாக வந்தவர்தான் இடப்பக்கம் போய்விட்டார்.

திருப்பம் வரும் முன் ஒரு ரிப்பன், திருப்பத்தில் மூன்று, திரும்பி முப்பது அடியில் "சரியாகத்தான் போகிறாய்" என்று சொல்ல ஒன்று, போகக் கூடாத பாதையின் குறுக்கே சுண்ணாம்புக் கோடு, இது குறைந்தபட்சம். குழப்பமான முக்கில் ரிப்பனை நம்பாமல் ஒரு ஆளை உட்காரவைக்க வேண்டும். ஐந்து நிமிடம் ஒரு ரிப்பனும் கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த ரிப்பனுக்குத் திரும்பி வரச் சொல்லி ஓட்டக்காரர்களிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

12:50க்கு அவர் கிடைத்தார். நாங்கள் தேடிக் கண்டுபிடிக்கவில்லை, மிளகு பறித்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். இடப்பக்கப் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டர் இறங்கியதும் ஒற்றைக் காட்டுமாடு நடுவழியில் நின்றிருக்கிறது. நல்லவேளை அவர் விரட்டவோ கத்தவோ இல்லை, மெதுவாகப் பின்வாங்கிப் புதருக்குள் ஏறி, அப்புறம் பாதையே பிடிபடாமல் ஒரு கல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். போனில் சார்ஜ் இல்லை, பாட்டிலில் தண்ணீர் இல்லை. உள்ளங்கை இரண்டிலும் முள் கீறல். அந்தப் பெண்கள் தாங்கள் கொண்டுவந்த கேழ்வரகுக் கூழைக் கொடுத்து, துண்டை நனைத்துத் தலையில் போட்டு உட்காரவைத்து, வேலையை விட்டுவிட்டு மேலே கூட்டி வந்திருக்கிறார்கள். அவர்களுடைய அரை நாள் கூலியை நான் கொடுத்தேன், வாங்கவே மாட்டேன் என்றார்கள்.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீர்க் குளிர் மழையில் 21 பேர் இறந்தபோது, ஆடு மேய்க்கும் ஒருவர் தன் குகையில் 6 பேரைக் காப்பாற்றினார் என்று எப்போதோ படித்திருக்கிறேன். அன்று அந்தப் பெண்களின் முன்னால் நின்றபோது அதுதான் ஞாபகம் வந்தது. எங்களுக்கு வானிலை சாதகமாக இருந்தது, அவ்வளவுதான். அதே மனிதர் மழையில் அந்தக் கல் கட்டில் உட்கார்ந்திருந்தால் என்று இப்போதும் ராத்திரியில் நினைப்பு வருகிறது. எல்லோரிடமும் "என் பொறுப்பில் ஓடுகிறேன்" என்று கையெழுத்து வாங்கியிருந்தேன். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. ஓடுகிற ஒவ்வொருவரும் விசில் ஒன்று, அரை லிட்டர் தண்ணீர், சார்ஜ் உள்ள போன் இல்லாமல் கோட்டைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்து, கையால் தொட்டுப் பார்த்து விடுங்கள்.

அவரை மைதானத்துக்குக் கூட்டி வந்தபோது பந்தல் பிரித்தாகிவிட்டது. எல்லைக்கோட்டில் போட்ட சுண்ணாம்பு மட்டும் பாதி அழிந்து கிடந்தது. அதை மிதித்துத்தான் வருவேன் என்று அவர் நொண்டிக்கொண்டே சுற்றி வந்து மிதித்தார். மெடலை அவர் மனைவிதான் போட்டுவிட்டார், போட்டுவிட்டு முதுகில் ஓங்கி ஒரு அடியும் வைத்தார், அப்புறம் அழுதார். நானும் அழுதேன்.

மார்ச் கடைசியில் அவரிடமிருந்து போன் வந்தது. திட்டப் போகிறார் என்றே எடுத்தேன். "அடுத்த வருசம் எப்பங்க அம்மணி? நான் ஓடலைங்க, அந்தப் பம்ப் ஷெட் முக்குல ஒரு சேரைப் போட்டு உக்காந்துக்கறேன்" என்றார். அடுத்த பிப்ரவரிக்கு 40 பேர் மட்டும், கட்டணம் 1,100, டி-ஷர்ட் இல்லை, கூட நடத்த இன்னும் நான்கு பேர் சேர்ந்திருக்கிறார்கள். நான் ஓடவில்லை, வாக்கி டாக்கியோடு மைதானத்தில் இருப்பேன். பம்ப் ஷெட் முக்குக்கு அவர் பெயரை எழுதிவிட்டேன்.